தீ சுடாத கால்

என் பையில் இருந்தவற்றில் சிப்பாய்களை அதிகம் குழப்பியது இசைக்கவைதான். பள்ளிக்கூட இயற்பியல் ஆய்வகத்தில் எல்லோரும் தட்டிப் பார்த்திருக்கும் அதே இரட்டைக் கால் இரும்பு. மட்டக்களப்பு வாவிக் கரையில், மண்முனைத் துறைக்கு முன்னால் இருந்த சோதனைச் சாவடியில், என் உடைமைகளை ஒரு மேசைமேல் பரப்பியிருந்தார்கள். வேட்டி நான்கு, சட்டை மூன்று, மாத்திரைப் பட்டைகள் பதினொன்று, மூக்குக்கண்ணாடி இரண்டு, இசைக்கவை ஒன்று.

"இது எதற்கு என்று கேட்கிறான்," என்றாள் டாக்டர் கௌரி.

"காலுக்கு என்று சொல்."

அவள் சிங்களத்தில் சொன்னாள். சிப்பாய் சிரித்தான். "காதுக்கா காலுக்கா, சரியாகச் சொல்லுங்கள் என்கிறான் சார்."

கௌரி அதை மேசை விளிம்பில் தட்டி, அதன் காம்பை அவனுடைய முழங்கை எலும்பில் வைத்தாள். அவன் திடுக்கிட்டுக் கையை இழுத்தான். பிறகு தானே வாங்கித் தட்டிக் காதில் வைத்துக்கொண்டான். மற்றவர்களையும் கூப்பிட்டான். நான்கு பேரும் முறை வைத்து ஆளுக்கொரு தடவை தட்டிக் கேட்டார்கள். அந்த நேரத்தில் அந்தச் சாவடி ஒரு பள்ளிக்கூடத்தைப் போல இருந்தது. ஆனால் கௌரியின் பையில் இருந்த, இரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதற்குள் பேட்டரி இருக்கிறது. எவ்வளவு சிறிதாக இருந்தாலும் பேட்டரி அக்கரைக்குப் போகக் கூடாது. எங்கள் வேலைக்கு மிஞ்சியது இசைக்கவையும், ஒரு பிடியில் பொருத்திய நைலான் இழையும்தான்.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். கௌரி மட்டக்களப்புக்காரி. மருத்துவம் படித்த காலத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தாள். படிப்பு முடிந்ததும், வேண்டாம் என்று நாங்கள் சொன்னதைக் கேட்காமல், சண்டை நடக்கும் ஊருக்கே திரும்பிப் போனாள். அங்கிருந்து ஒருநாள் தொலைபேசியில் பேசினாள்.

"குண்டு பட்டவங்கள எல்லாரும் எண்ணுறாங்க சார். சீனி வருத்தத்தில கால் போனவங்கள எண்ண ஒருத்தரும் இல்ல."

எண்ண ஆள் இல்லை என்று சொன்னால் நான் வருவேன் என்பது அவளுக்குத் தெரியும். எனக்கும் இருபது வருடமாகச் சர்க்கரை உண்டு. அந்த நோயைப் பற்றிய ஆராய்ச்சி இப்போது வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. இரத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது, ஒரு மனிதனின் முழு வாழ்நாளையும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். தாய் பட்டினி கிடந்தால் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் அறுபதாவது வயதில்கூட அது தலைகாட்டலாம் என்கிறார்கள். பயமும் தூக்கமின்மையும் சர்க்கரையை ஏற்றும் என்கிறார்கள். பட்டினி, பயம், தூக்கமின்மை மூன்றும் தாராளமாகக் கிடைத்த இடத்தில், முதியவர்களிடம் இதையெல்லாம் கேட்டு, அவர்களுடைய காலில் உணர்ச்சி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பது கௌரியின் திட்டம். கேள்விகளை ஒழுங்குபடுத்துவதும் விடைகளை எண்ணுவதும் என் வேலை.

மட்டக்களப்புக்கு வரும் வழியிலேயே ஒரு விடை கிடைத்திருந்தது. நான் வந்த பஸ் செங்கலடிச் சந்தியில் கியர் உடைந்து நின்றுவிட்டது. தேநீர்க் கடையில் சீனி இல்லாமல் ஒரு தேநீர் கேட்டேன். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு ஒரு கால்தான் இருந்தது. முழங்காலுக்குக் கீழே கைலி மடித்துச் செருகப்பட்டிருந்தது.

"கண்ணிவெடியா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் அப்படித்தான் கேக்காங்க. நானும் சில நேரம் ஓம் எண்டு சொல்ற. அதுக்கு மரியாத கூட," என்றார் அவர். "இது சீனி, ஐயா. சப்பாத்துக்குள்ள ஒரு ஆணி கிடந்திருக்கு. ரெண்டு மூணு நாள் ஆணியோட நடந்திருக்கன். தெரியல்ல. மறுகா பெரியாஸ்பத்திரியில எடுத்தாங்க."

மறுகா என்றால் அந்த ஊரில் 'பிறகு'. அதைச் சொல்லும்போது அவர் என் செருப்பைப் பார்த்தார். நான் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

இனி வாவிக்கு வருகிறேன். வாவியின் கிழக்குக் கரைக்கு எழுவான்கரை, மேற்குக் கரைக்குப் படுவான்கரை என்று பெயர். சூரியன் எழும் கரை, படும் கரை. எழுவான்கரை அரசாங்கத்திடம் இருந்தது, படுவான்கரை இயக்கத்திடம் இருந்தது. சூரியன் இரண்டுக்கும் பொதுவாக இருந்தான். நடுவில் போய்வரும் மிதவைக்குப் 'பாதை' என்று பெயர். இரும்பு மிதவைகளின்மேல் பலகை அடித்து, பக்கத்தில் ஓர் இயந்திரப் படகைக் கட்டியிருப்பார்கள். எங்களுடன் மோட்டார் சைக்கிள் மூன்று, சைக்கிள் ஒன்பது, அரிசி மூட்டைகள், ஒரு கன்றுக்குட்டி, ஆட்கள் நாற்பத்திரண்டு. காவிரியில் பரிசல் ஏறும்போதே நான் தலைகளை எண்ணுகிறவன். இது அதிகம் என்று பட்டது. சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை.

நடு வாவியில் இயந்திரம் இருமிவிட்டு நின்றது.

"பயப்படாதீங்க ஐயா," என்றாள் மீன் கூடையோடு இருந்த ஒரு பெண். "காத்து படுவான்கரைப் பக்கம்தான் அடிக்குது. சோறு ஆறும், அவ்வளவுதான்."

ஆண்கள் நீண்ட கம்புகளை எடுத்துத் தள்ளத் தொடங்கினார்கள். வாவி ஆழமில்லை. கரையோரத்தில், கண்ணா என்று அவர்கள் சொல்லும் அலையாத்தி மரங்களின்மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. கன்றுக்குட்டி என் வேட்டியின் ஓரத்தைச் சுவைத்துப் பார்த்தது. அக்கரை வந்ததும் அங்கே இருந்த காவலரணில் மறுபடியும் பையைத் திறந்தேன். துப்பாக்கியோடு நின்ற இளைஞன் நேராக இசைக்கவையை எடுத்தான்.

"இது பாட்டுப் படிக்குமா?"

தட்டிக் காதில் வைத்துக்கொண்டான். முகம் மலர்ந்தது. இரண்டு கரைகளிலும் சேர்த்து ஐந்து பேர் தட்டிவிட்டார்கள், ஐந்து பேருக்கும் ஒரே முகம்.

கொக்கட்டிச்சோலையைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு கிராமத்தில் தங்க ஏற்பாடு. வட்டை என்று அவர்கள் சொல்லும் வயல்வெளி கண் எட்டிய வரைக்கும் கிடந்தது. நாங்கள் தங்கிய வீடு தவமணி என்ற பெண்ணுடையது. அந்தப் பக்கத்தில் மகளுக்குக் கல்யாணம் ஆகும்போது வீட்டை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மாப்பிள்ளைதான் மூட்டையோடு வந்து சேர வேண்டும். எங்கள் ஊரில் மாமியார் வீட்டில் அடங்கி நடக்கும் மருமகள்களை நினைத்துக்கொண்டேன். அதே வளவில் ஒரு சின்னக் குடிசையில் தவமணியின் தாய் பூரணம் இருந்தாள். அறுபத்திரண்டு வயது. கணவர் இல்லை. சர்க்கரை உண்டு என்று பத்து வருடம் முன்பே பட்டணத்தில் சொல்லியிருக்கிறார்கள். பாதை ஓடும்போது மாத்திரை கிடைக்கும், ஓடாதபோது கிடைக்காது.

முதல் சாப்பாட்டிலேயே பூரணம் என்னைக் கணித்துவிட்டாள். மற்றவர்களுக்குச் சிவப்பரிசிச் சோறு, எனக்குக் குரக்கன் என்ற கேழ்வரகில் பிட்டு. கூட வாவி இறால், முருங்கையிலைச் சுண்டல், வல்லாரைச் சம்பல், மீன் ஆணம். ஆணம் என்றால் தேங்காய்ப் பாலில் வைத்த குழம்பு. கடைசியில் சட்டியோடு எருமைத் தயிரை வைத்தாள். தேனை மட்டும் என் பக்கம் நகர்த்தவில்லை.

"ஐயாக்குத் தேன் இல்ல. பார்க்கலாம், தொடக்கூடாது."

"உங்களுக்கு?"

"எனக்கும் இல்லத்தான். ஆனா எனக்குப் பக்கத்தில கௌரி டொக்டர் இல்லாத நாளும் இரிக்குதானே."

இருட்டத் தொடங்கியதும் வடக்கே எங்கோ ஷெல் விழும் சத்தம் கேட்டது. நான் எண்ணத் தொடங்கினேன். ஆறு வரை வந்தேன்.

"அது தூரத்தில ஐயா. எண்ணாதீங்க," என்றாள் பூரணம், விளக்குத் திரியைக் குறைத்தபடி. "எண்ணினா நித்திர வராது."

அந்த நேரத்தில்தான் ஐந்து பெண்கள் ஒழுங்கை வழியாக வந்தார்கள். எல்லோரும் பூரணத்தின் வயதுக்காரிகள். பெண்கள் தங்களுக்குள் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒரு 'கா' ஒட்டிக்கொள்கிறது. "என்னகா, சாப்பிட்டியாகா?" என்று கேட்டபடியே ஒவ்வொருவராகக் குனிந்து பூரணத்தின் பாதங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவள் கூச்சத்தோடு கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். வெற்றிலை போட்டுக் கொஞ்சம் பேசிவிட்டுப் போனார்கள்.

காரணத்தைத் தவமணி மெதுவாகச் சொன்னாள். அவளுடைய தம்பி ரவியை எட்டு வருடத்துக்கு முன் ஒரு சுற்றிவளைப்பில் கொண்டுபோனார்கள். அதே நாளில் அந்த ஐந்து பேரின் பிள்ளைகளும் போனார்கள். கொண்டுபோனது யார் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பூரணம் ஊர் அம்மன் கோயிலில் நேர்ந்துகொண்டாள்: மகன் திரும்பும்வரை ஒவ்வொரு வருடச் சடங்கிலும் தீ மிதிப்பேன். முதல் நான்கு வருடமும் காலெல்லாம் கொப்புளம். ஐந்தாம் வருடம் சுடவில்லை. ஆறாம் வருடமும் சுடவில்லை.

"அம்மாள் ஏத்துக்கிட்டா, தம்பி உசிரோடதான் இரிக்கான் எண்டு அம்மா சொன்னா. அதே நாள் போனவங்கள்தானே எல்லாரும். அவன் இரிந்தா மற்றப் புள்ளையளும் இரிப்பாங்க எண்டு இவங்க வந்து காலத் தொட்டுக் கும்பிடுறாங்க. நாலு வருசமா சுடல்ல."

நான் கௌரியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வருடத்துச் சடங்கு அந்த வார இறுதியில்.

மறுநாள் கோயில் வெளியில் ஆலமரத்தின் கீழ் எங்கள் வேலை ஆரம்பமானது. என் கேள்விகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. வயதைக் கேட்டால், பெரிய வெள்ளத்துக்கு முந்திப் பிறந்தவர்கள், சூறாவளியில் பேரன் பிறந்தவர்கள் என்றுதான் விடை வந்தது. அவற்றை எண்ணாக மாற்ற நான் பட்ட பாட்டைப் பார்த்துக் கிழவர்கள் ஒருவருக்கொருவர் சிரித்துக்கொண்டார்கள். உங்கள் வாழ்க்கை உங்களுக்கு எவ்வளவு திருப்தி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள் என்று ஒரு கேள்வி. பூரணம் அதற்குத் திருப்பிக் கேட்டாள்.

"எப்பத்தைய வாழ்க்கை ஐயா? காலைமையா, பொழுதுபட்டா?"

"பொதுவாக."

"பொதுவா எண்டு ஒரு நேரம் இஞ்ச இல்லையே."

நான் அந்தக் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

காலைச் சோதிக்கும் முறையை எல்லோருக்கும் காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. கௌரி என்னை உட்காரவைத்தாள். கண்ணை மூட வேண்டும். பாதத்தில் பத்து இடங்களில் நைலான் இழையை, அது வளையும்வரை அழுத்துவாள். தெரிந்தால் 'ஓம்' சொல்ல வேண்டும். நான் ஒரே சீரான இடைவெளியில் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டே போனேன். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

"சார், கடைசி ரெண்டுக்கும் நான் வைக்கவே இல்ல," என்றாள் கௌரி.

"பழுதாப்போன காலுக்கு வாய் நல்லா வேல செய்யுது," என்றார் ஒரு கிழவர். திரும்ப, இடைவெளியை மாற்றி மாற்றி வைத்தாள். மூன்று இடங்களில் எனக்குத் தெரியவில்லை. மூன்றும் வலது காலில். அன்று முழுவதும் நான் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது ஆளாகப் பூரணம் உட்கார்ந்தாள். தவமணி பின்னால் நின்றாள். பூரணம் காலைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். இடது பாதத்தின் அடியில், பெருவிரலுக்குக் கீழே, மஞ்சள் அப்பிய ஒரு புண் இருந்தது. ஒரு பெரிய நாணயம் அளவு. போன வருடச் சடங்குக்குப் பிறகு வந்தது, ஆறவில்லை, ஆனால் நோவு இல்லை என்றாள். கண்ணை மூடிக்கொண்டு, விளையாட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைபோல முகத்தை வைத்துக்கொண்டாள்.

கௌரி இழையை வைத்தாள். பெருவிரல், நடுவிரல், சின்னவிரல். இழை வளைந்தது, நிமிர்ந்தது, வளைந்தது. அடிப்பாதம், நடுப்பாதம், குதிகால். பத்து இடமும் முடிந்தது. மறு காலிலும் பத்து முடிந்தது. இசைக்கவையைத் தட்டிக் கணுக்காலில் வைத்தாள். அது முனகி அடங்கியது. பின்னால் நின்ற தவமணி வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"தொடங்குங்களன் புள்ள," என்றாள் பூரணம், கண்ணைத் திறக்காமல். "எவ்வளவு நேரம் கண்ண மூடிக்கிட்டு இரிக்கிற?"

கௌரி புண்ணைக் கழுவிக் கட்டினாள். இனி வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்றாள். தீயைப் பற்றி அப்போது ஒன்றும் சொல்லவில்லை. பூரணமும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்ததும் அவள் முதலில் பார்த்தது மகளின் முகத்தை. அதிலேயே ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

அன்று மாலை நானும் கௌரியும் வரப்பில் நடந்தோம். நான் படபடத்தேன்.

"நீ டாக்டர், நீதான் சொல்ல வேண்டும். இந்தப் புண்ணோடு தணலில் இறங்கினால் என்ன ஆகும்?"

"கால் போகும். இஞ்சயிருந்து பாதையில ஏத்தி, சோதனை முடிச்சுக் கொண்டுபோறதுக்குள்ள உசிரும் போகலாம்."

"பிறகென்ன?"

"சுடாதது அம்மாளால இல்ல, நரம்பு செத்ததால எண்டு நான் எப்படிச் சார் சொல்ற? நான் எடுக்கிறது அவட நேர்த்திய இல்ல. அவட மகன." சற்று நடந்துவிட்டு, "ஒரு மகன் இல்ல. ஆறு," என்றாள்.

வயலில் கொக்குகள் நின்றிருந்தன. வழக்கம்போல எண்ணினேன், எத்தனை என்று இப்போது நினைவில்லை.

ஆனால் நாங்கள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்த நாள் காலை நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பூரணம் வந்து நீர் இறைக்கும் துலாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கௌரி போட்ட கட்டு இன்னும் வெள்ளையாகவே இருந்தது. அவள் நடக்கவில்லை, இரவு முழுவதும் உட்கார்ந்தே இருந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"ஐயாக்கும் மூணு இடம் தெரியல்லதானே?"

"தெரியவில்லை."

"ஐயா தீ மிதிக்கிறயா?"

"இல்லை அம்மா. நான் கோயிலுக்குப் போவதே குறைவு."

"அப்ப உங்களுக்கு ஆர் அருள் தந்த?"

நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைக்க ஒன்றும் மிச்சமில்லை.

"சீனிதான், என்ன?" என்றாள்.

"சீனிதான்."

அவள் கிணற்றுக்குள் பார்த்தாள். "அந்த அஞ்சாம் வருசம் நெருஞ்சி முள்ளும் தெரியாமப் போச்சு. முள்ளுக்கும் அம்மாள் அருள் தந்திருக்கா எண்டு நினைச்சன்." பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள். "ஐயா கணக்குப் படிப்பிச்சவர் எண்டு டொக்டர் சொன்னா. சரியாச் சொல்லுங்க. அப்ப அவன் இல்லையா?"

என் வாழ்நாளில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதைவிடக் கனமானது இல்லை. ஆனால் விந்தை என்னவென்றால், இதற்கு மட்டும் எனக்கு விடை தெரிந்திருந்தது. வகுப்பில் வருடா வருடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த விடை.

"அம்மா, உங்கள் கால் ரவி இருக்கிறான் என்று சொல்லவில்லை. அதேபோல இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்கு அவனைப் பற்றி ஒன்றும் தெரியாது. உங்கள் சர்க்கரையைப் பற்றி மட்டும்தான் தெரியும். ரவியைப் பற்றி நேற்று எவ்வளவு தெரியுமோ, இன்றும் அவ்வளவுதான் தெரியும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

அவள் அதை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப இன்னும் கேட்டுக்கிட்டே இரிக்கலாம்."

"கேட்கலாம்."

"விடை வந்திட்டு எண்டு நினைச்சுக் கேக்கிறத நாலு வருசமா விட்டிட்டன் ஐயா," என்றாள் பூரணம். துலாக் கயிற்றை விட்டுவிட்டு மெதுவாக, குதிகாலை ஊன்றி நடந்து போனாள்.

அன்று மாலை ஐந்து பெண்களும் வழக்கம்போல் வந்தார்கள். குனியப் போனவர்களைப் பூரணம் கையை நீட்டித் தடுத்தாள்.

"தொடாதீங்ககா. இந்தக் கால் செத்துப்போச்சு. சுடாதது அம்மாளால இல்ல. சீனி."

தவமணி அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள். ஐந்து பேரில் மூத்தவளான சின்னப்பிள்ளை இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப நாலு வருசமா நாங்க தொட்டுக் கும்பிட்டது சீனியையாகா?"

பூரணம் அவளையே பார்த்தாள். அழப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். சிரித்துவிட்டாள். அடுத்து சின்னப்பிள்ளை, பிறகு மற்றவர்கள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு ஆறு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தபோதே இரண்டு பேர் அழவும் தொடங்கினார்கள். கௌரி எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் கிணற்றடியில் சொன்னதைத் திரும்பச் சொல்லும்படி பூரணம் என்னைப் பார்த்துக் கையசைத்தாள். சொன்னேன். அவர்கள் கவனமாகக் கேட்டார்கள்.

"கூடவும் இல்ல, குறையவும் இல்ல," என்று சின்னப்பிள்ளை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "சரி. அப்ப இரிக்கிற இடத்திலதான் இரிக்கம்."

நேர்த்தி மட்டும் மிச்சம் இருந்தது. அம்மனிடம் சொன்ன சொல்லை மாற்றுவது பூசாரியாரின் அனுமதியில்லாமல் முடியாது. அவர் மெலிந்த, உரத்த குரல்காரர். நான் என் மருத்துவ வாதங்களை வரிசைப்படுத்திக்கொண்டு போனேன். அவர் என்னைப் பேசவே விடவில்லை.

"புண்ணோட தீயில இறங்க நானே விடமாட்டன். கற்பூரச் சட்டி எடுக்கட்டும். நேர்த்திக்கு அது காணும்," என்றார். பெண்கள் கையில் கற்பூரம் எரியும் மண்சட்டியை ஏந்திக் கோயிலைச் சுற்றி வருவது அங்கே உள்ள வழக்கம்.

"ஆனால் அவர் வெறுங்காலோடு நடக்கக் கூடாது," என்றேன்.

"செருப்போட கோயில் வளவுக்குள்ள வர ஏலாது."

"துணி?"

பூசாரியார் தாடியைத் தடவினார். "துணி செருப்பில்லத்தானே."

தவமணி ஒரு பழைய நூல் சேலையைக் கிழித்தாள். அதை எட்டு மடிப்பாக மடித்து அடியில் வைத்து, கௌரி போட்ட கட்டின்மேல் சுற்றினோம். ஒன்பதாவது மடிப்பு போட வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். போட்டால் நடக்க முடியாது என்று பூரணம் உதைப்பதுபோலக் காலை ஆட்டினாள். அதற்கு முன்னால் கௌரியிடம் இரண்டு உள்ளங்கையையும் நீட்டி, "இதையும் பாரு புள்ள," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். கௌரி இழையைக் கொண்டுபோனாள். இழை வளைவதற்கு முன்பே ஓம் வந்தது. அடுத்த இடத்திலும் ஓம். விரல் நுனியிலும் ஓம்.

"கை உசிரோட இரிக்கு," என்று கண்ணைத் திறந்தாள்.

சடங்கு நாளன்று கோயில் வெளி நிறைந்திருந்தது. சண்டைக்கு நடுவே இவ்வளவு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை. இளநீர், வேப்பிலை, புகை, உடுக்குச் சத்தம். புளியங்கட்டைத் தணல் பரப்பிய குழியின் ஓரத்துக்கு என்னால் போக முடியவில்லை, அனல் முகத்தில் அடித்தது. பூரணம் அந்தக் குழியை ஒருமுறை பார்த்தாள். பிறகு திரும்பிச் சட்டிகள் வைத்திருந்த பக்கம் நடந்தாள். அவளுக்கு முன்பே அங்கே ஐந்து பேர் நின்றிருந்தார்கள். அந்த வருடம் ஆறு சட்டி.

சட்டிக்கு அடியில் வேப்பிலையைக் கெட்டியாக வைத்து ஏந்துவார்கள். நான் ஒரு கைப்பிடி கூடுதலாகப் பறித்துக்கொண்டு ஓடினேன். பூரணம் அதை வாங்கி, பாதியை எடுத்துக் கீழே போட்டாள்.

"பயப்படாதீங்க ஐயா. சுட்டா எனக்குத் தெரியும்."

கற்பூரம் பற்றியது. ஆறு பேரும் வரிசையாக நடந்தார்கள். துணி சுற்றிய கால் ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் உதடுகள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. என்ன சொன்னாள் என்று இரைச்சலில் கேட்கவில்லை, ஆனால் அது கேள்வி என்று எனக்குத் தெரியும். இரண்டாவது சுற்றில் அவள் முகம் சுருங்கியது. விரல்களை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பிடித்தாள். கௌரி ஓரடி முன்னே போனாள், பிறகு நின்றுகொண்டாள். மூன்றாவது சுற்று முடிந்து சட்டியை இறக்கியதும் பூரணம் இரண்டு கையையும் உதறி, குழந்தைபோல உள்ளங்கையில் ஊதிக்கொண்டாள். சிவந்திருந்தது. கொப்புளம் இல்லை.

சின்னப்பிள்ளை பழக்கத்தில் குனிந்தாள். பாதிவழியில் நினைவு வந்து நிமிர்ந்தாள். பூரணத்தின் கைகளைப் பிடித்துத் தானும் ஊதினாள்.

"சுட்டிச்சாகா?"

"நல்லாச் சுட்டிச்சு. உனக்கு?"

"எனக்கும்."